பிக், பிக்கர், பிக்கஸ்ட்: ஆங்கில ஒப்பீட்டைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் முறை

டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன் (ஒப்பீட்டு நிலைகள்) என்றதும் பெரும்பாலும் முதலில் வருவது மூன்று பத்தி அட்டவணை. பிக் என்றால் பெரிய, பிக்கர் என்றால் மிகப் பெரிய, பிக்கஸ்ட் என்றால் மிக மிகப் பெரிய. இந்த அட்டவணையை மூடி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். குழந்தை பின்னால் செய்யப்போகும் பல பிழைகளுக்கு விதை இங்கேதான் விழுகிறது.

பிக்கர் என்றால் மிகப் பெரியது இல்லை. ஓர் எறும்பு இன்னோர் எறும்பை விடப் பெரிதாக இருக்கலாம். அதனால் அது பெரிய பிராணி ஆகிவிடாது. பிக்கர் என்ற சொல் அளவைச் சொல்லவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. ‘மிக’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘வெரி’ இருக்கிறது. அந்த வேலையை பிக்கரின் தலையில் கட்டினால், ‘வெரி பிக்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் குழந்தை ‘பிக்கர்’ என்று எழுதும். நாம் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே இருப்போம். ஏன் தப்பு என்று அதற்குப் புரியவே புரியாது.

கீழே உள்ள முறை 8 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. பிக், லாங் போல ஒரு பொருளின் தன்மையைச் சொல்லும் சொற்களில் (அட்ஜெக்டிவ்) 20-ஆவது தெரிந்திருக்க வேண்டும். ‘இஸ்’, ‘ஆர்’ போட்டுச் சின்ன வாக்கியம் சொல்ல வர வேண்டும். ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும். ஒரு படி சரியாகப் பிடிபட்ட பிறகே அடுத்தது. சிலருக்கு ஒரே நாளில் வரும், சிலருக்கு மூன்று நாள் ஆகும்.

முதல் படி: இரண்டு துண்டுப் பென்சில்

மூன்று பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, சீவிச் சீவித் துண்டாகிப்போனவையாக இருக்கட்டும். ஒன்று 4 சென்டிமீட்டர், இன்னொன்று 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது புதுசு. அதை இப்போதைக்கு மறைத்து வையுங்கள்.

இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘எது நீளம்?’ என்று தமிழில் கேளுங்கள். குழந்தை 6 சென்டிமீட்டர் துண்டைத் தொடும். உடனே அதைக் கையில் எடுத்து, ‘இது நீளமான பென்சிலா?’ என்று கேளுங்கள். ‘இல்ல, குட்டிப் பென்சில்’ என்று சொல்லும். பாடம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. நீளமான பென்சில் இல்லை, ஆனால் அதை விட நீளம். ஆங்கிலத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் காட்டுங்கள்: ‘இட் இஸ் எ ஷார்ட் பென்சில், பட் இட் இஸ் லாங்கர்.’ பிறகு புதுப் பென்சிலை வெளியே எடுத்து அருகில் வையுங்கள். இதுவரை லாங்கராக இருந்த துண்டு ஒரே நொடியில் ஷார்ட்டர் ஆகிவிடும். பென்சில் மாறவில்லை, பக்கத்தில் வந்து நின்றதுதான் மாறியது.

இந்த வேறுபாடு தமிழ்க் குழந்தைக்குத் தானாக வராததற்குக் காரணம் உண்டு. தமிழில் சொல் மாறுவதே இல்லை. ஒரே ஒரு பென்சிலைப் பார்த்தாலும் ‘நீளம்’. இரண்டை ஒப்பிட்டாலும் ‘நீளம்’. எதிரில் இரண்டு இருக்கின்றன என்பதே ஒப்பீட்டைப் புரியவைத்துவிடுகிறது. அதே பழக்கத்தில்தான் ஆங்கிலத்திலும் ‘விச் இஸ் லாங்?’ என்று வரும். இரண்டு பொருள் எதிரில் இருந்தால் ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் இ-ஆர் என்ற வால் முளைக்க வேண்டும் என்பதை வாய்ப் பழக்கமாக ஆக்குங்கள்.

முதல் நாளுக்கு ஆறு சொல் போதும்: லாங், ஷார்ட், ஓல்ட், நியூ, ஃபாஸ்ட், ஸ்லோ. எல்லாம் வால் ஒட்டினால் எழுத்தில் வேறு மாற்றம் இல்லாதவை. ‘லாங்’ என்று முடிக்கும்போது ஆங்கிலத்தில் கடைசியில் ககர ஒலி கேட்பதில்லை, ‘லாங்கர்’ என்னும்போது நன்றாகக் கேட்கும். அதை மட்டும் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். இன்னொன்று: ஒப்பிடப் பொருள்களையே எடுங்கள், குழந்தைகளை எடுக்காதீர்கள். யார் குண்டு, யார் குள்ளம் என்று வகுப்பில் நிற்கவைத்துக் காட்டினால் இலக்கணம் மறந்துபோகும், வலி மறக்காது.

இரண்டாம் படி: ‘விட’ எங்கே போகிறது

‘இந்தப் பென்சிலை விட அந்தப் பென்சில் நீளம்.’ தமிழில் தோற்றது முன்னால் வருகிறது, ஜெயித்தது பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் நேர்மாறு. குழந்தை இடமிருந்து வலமாக அப்படியே மாற்றிக்கொண்டு போனால் கிடைப்பது: ‘திஸ் பென்சில் இஸ் லாங்கர் தேன் தட் பென்சில்.’ இலக்கணம் பிசகவில்லை, வால் இருக்கிறது, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் சொல்ல வந்ததற்குத் தலைகீழ். நோட்டை மட்டும் பார்த்துத் திருத்துகிறவர் இதற்குச் சரி போட்டுவிடுவார். அதனால்தான் இந்தப் படியில் பொருள் கண்முன் இருந்தாக வேண்டும்.

ஐந்து அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். முதலாவதிலும் ஐந்தாவதிலும் எதுவும் எழுதாதீர்கள். நடுவில் உள்ள மூன்றில் ‘இஸ்’, ‘லாங்கர்’, ‘தேன்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதி வரிசையாக வையுங்கள். குழந்தை முதலில் நீளமான பென்சிலைத் தொட வேண்டும். தொட்டதை முதல் அட்டையின் மேல் வைக்க வேண்டும். மற்றதைக் கடைசி அட்டையின் மேல். பிறகு விரலை ஓட்டிக்கொண்டே வாசிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை பொருளை மாற்றி மாற்றிச் செய்தால் கை பழகிவிடும், வாய் பின்னாலேயே வரும். அப்புறம் ‘லாங்கர்’ அட்டையை எடுத்துவிட்டு ‘ஷார்ட்டர்’ வைத்து, அதே இரண்டு பென்சிலைக் கொடுங்கள். இரண்டும் இடம் மாறியாக வேண்டும் என்று தானே கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள், நீங்கள் சொல்லாதீர்கள்.

தமிழில் ‘விட’ என்ற ஒரு சொல்லே முழுச் சுமையையும் தூக்குகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சுமையை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள்: வால் ஒருவர், ‘தேன்’ இன்னொருவர். ‘லாங் தேன்’ என்று வருவதும், ‘தேன்’ போட்டாகிவிட்டதே என்று வாலை விட்டுவிடுவதும் இதனால்தான். இந்தத் தேன் பாட்டிலில் வரும் தேன் இல்லை என்று ஒருமுறை சொல்லுங்கள். சிரித்த குழந்தை அந்தச் சொல்லை விடாது. எழுதும்போது டி-எச்-ஏ-என். நடுவில் ஏ-க்குப் பதில் இ போட்டால் அது ‘அப்புறம்’ என்று பொருள் தரும் ‘தென்’.

மூன்றாம் படி: எழுத்துக்கூட்டல்

வாயில் வந்த பிறகே நோட்டு. நோட்டில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இந்தப் பாடத்தில் நிறுத்திவிடுங்கள். ‘அதிக உயரம்’ என்பதும் டாலர், அமெரிக்கப் பணமும் டாலர்!

சாதாரணச் சொல்லுக்கு இ-ஆர் ஒட்டினால் முடிந்தது. இ-யில் முடியும் சொல்லுக்கு, நைஸ், லார்ஜ் மாதிரி, ஆர் மட்டும் போதும்; இ ஏற்கெனவே அங்கே நிற்கிறது. இந்த இரண்டிலும் யாரும் தடுக்கி விழுவதில்லை. தடுக்குவது அடுத்ததில்.

பிக் என்ற சொல் பி-ஐ-ஜி. இதில் இ-ஆர் சேர்க்கும்போது ஜி இரண்டாகிறது. ஏன் என்று குழந்தை கேட்கும். ‘ரூல் அப்படி’ என்று சொல்லிவிடாதீர்கள். கரும்பலகையில் புலிக்கான சொல்லை எழுதுங்கள்: டி-ஐ-ஜி-இ-ஆர், டைகர். அதன் கீழே பி-ஐ-ஜி-இ-ஆர் என்று ஒற்றை ஜி போட்டு எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். டைகர் மாதிரியே ‘பைகர்’ என்றுதான் வாசிக்க வரும். ஐ என்ற எழுத்துக்கு ‘இ’ என்ற குறில் ஒலியைக் காப்பாற்றிக் கொடுக்கத்தான் இன்னொரு ஜி காவலுக்கு நிற்கிறது. ஹாட் என்பதற்கும் இதே சோதனை: ஒற்றை டி போட்டால் ‘வோட்டர்’ போல ‘ஹோட்டர்’ ஆகிவிடும். இப்படிக் காட்டிய பிறகு தின், ஃபேட், வெட், சேட் எல்லாவற்றையும் குழந்தையே எழுதிவிடும்.

இரட்டிப்புக்கு நிபந்தனை இதுதான்: கடைசியில் ஒரே ஒரு மெய்யெழுத்து, அதற்கு முன்னால் ஒரே ஒரு உயிரெழுத்து. டீப், கூல் போன்றவற்றில் உயிரெழுத்து இரண்டு இருப்பதால் இரட்டிப்பதில்லை. ஃபாஸ்ட், ஓல்ட் இவற்றில் மெய் ஏற்கெனவே இரண்டு. ஸ்லோ, நியூ, லோ என்று டபிள்யூவில் முடிபவை விதிக்குள் வருவது போலத் தெரியும், ஆனால் வராது. அங்கே டபிள்யூ மெய்யாக ஒலிப்பதே இல்லை, உயிரோடு கரைந்துவிடுகிறது.

ஒய்-யில் முடிபவை: ஹேப்பி, ஈஸி, ஹெவி. ஒய்-க்கு முன்னால் மெய் இருந்தால் ஒய் போய் ஐ வரும், பிறகு இ-ஆர். ‘க்ரே’ போல உயிர் முன்னால் இருந்தால் ஒய் அசையாது. ‘ஷை’ மட்டும் பெரும்பாலும் ஒய்-யை விடாமலே எழுதப்படுகிறது. அகராதிகள் இரண்டு வடிவத்தையும் ஏற்கின்றன, ஆகவே எப்படி எழுதினாலும் அடிக்க வேண்டாம்.

இ-ஆர் கண்ட இடமெல்லாம் ஒப்பீடு இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுங்கள். டீச்சர், சிங்கர் இவற்றில் உள்ள இ-ஆர் ஆளைக் குறிக்கிறது. கூலர் இரண்டுமாக இருக்கும்: காற்று வீசும் இயந்திரமாகவும், ‘இன்னும் குளிர்ச்சியான’ என்றும்.

நான்காம் படி: ‘மோர்’ எப்போது

சின்னச் சொல்லுக்கு வால், பெரிய சொல்லுக்கு முன்னால் ‘மோர்’. சின்னது பெரியது என்பதை எழுத்தை எண்ணித் தீர்மானிக்கக் கூடாது, ஒலித்துண்டை எண்ண வேண்டும். முகவாய்க்கட்டையின் கீழே புறங்கையை வைத்துச் சொல்லைச் சொன்னால், தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை துண்டு. பிக் ஒன்று, ஹேப்பி இரண்டு, பியூட்டிஃபுல் மூன்று.

இதில் நமக்கென்று ஒரு பொறி இருக்கிறது. தமிழில் பேசும்போது கடைசி மெய்யோடு ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்வோம்: பிக்கு, ஃபாஸ்ட்டு, ஹாட்டு. அப்படிச் சொன்னால் தாடை இரண்டு முறை இறங்கும், கணக்குத் தப்பும். ‘இஸ்மால்’ என்று முன்னால் இகரம் போட்டாலும் அதே கதை. எண்ணுவதற்கு முன்னால் சொல்லை வெட்டென்று முடிக்கப் பழக்குங்கள்; உச்சரிப்பும் கூடவே திருந்தும்.

ஒரு துண்டு என்றால் வால். மூன்றும் அதற்கு மேலும் என்றால் மோர்: மோர் பியூட்டிஃபுல், மோர் டிஃபிகல்ட், மோர் இன்ட்ரஸ்டிங். இரண்டு துண்டுச் சொற்களில்தான் வழவழா. ஒய்-யில் முடிந்தால் வால். ஃபுல், லெஸ், இங், எட், அஸ் என்று முடிபவற்றுக்கு மோர்: மோர் கேர்ஃபுல், மோர் ஃபேமஸ். க்ளெவர், நேரோ, சிம்பிள், கொயட் போன்றவை இரண்டு விதமாகவும் புழங்குகின்றன. எது என்று குழந்தை தடுமாறினால் மோர் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பாதுகாப்பான பக்கம் அது. ஒரே துண்டாக இருந்தும் வாலை ஏற்காதவையும் சில உண்டு: டயர்ட், போர்ட், ஃபன். இவற்றுக்கு ‘மோர் டயர்ட்’, ‘மோர் ஃபன்’ என்றுதான்.

‘மோர் பெட்டர்’, ‘மோர் டாலர்’ என்று வருவதுதான் இந்தப் படியின் பெரிய தொல்லை. ‘இன்னும் நல்லா’, ‘அதை விடப் பெருசா’ என்று தமிழில் எப்போதும் ஒரு தனிச்சொல் கூட வருவதால், ஆங்கிலத்திலும் கை ஒரு தனிச்சொல்லைத் தேடுகிறது. வால் ஒட்டிய சொல்லுக்கு மோர் கிடையாது, மோர் போட்ட சொல்லுக்கு வால் கிடையாது. வித்தியாசத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்றால் அதற்கு ‘மச்’ இருக்கிறது: மச் பிக்கர், மச் பெட்டர். குறைத்துச் சொல்ல ‘எ லிட்டில்’. ‘வெரி பிக்கர்’ என்று ஒருபோதும் வராது. இ-ஆர் வால் ஒட்டிய சொல்லோடு வெரி சேராது.

ஐந்தாம் படி: மூன்றாவது பென்சில்

இப்போது மூன்றையும் மேசையில் வையுங்கள். பலர் பிக்கர், பிக்கஸ்ட் இரண்டையும் ஒரே நாளில் நடத்திவிடுகிறார்கள். அதனால்தான் ஒன்று பெரிசு, மற்றது அதை விடப் பெரிசு என்று ஏணிப்படி போலக் குழந்தை நினைக்கிறது. பிக்கஸ்ட் ஏணியின் உச்சிப்படி இல்லை. ஒரு கூட்டத்துக்குள் முதலிடம், அவ்வளவுதான். கூட்டம் சொல்லப்படவில்லை என்றால் அர்த்தம் தொங்கும். ‘இருக்கிறதிலேயே நீளமானது’ என்ற தமிழ்த் தொடர் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘மிக நீளமான’ என்று மொழிபெயர்க்காதீர்கள். அது ‘வெரி லாங்’ பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

எழுத்துக்கூட்டலில் புதிதாக ஒன்றும் இல்லை. இ-ஆர் வந்த இடத்தில் இ-எஸ்-டி, மோர் வந்த இடத்தில் மோஸ்ட். முன்னால் ‘தி’ வர வேண்டும்: தி லாங்கஸ்ட் பென்சில். ‘மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’ என்பதில் ‘மை’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால் ‘தி’ இல்லை. கூட்டம் ஓர் இடமாகவோ குழுவாகவோ இருந்தால் ‘இன்’: இன் தி கிளாஸ், இன் தி பாக்ஸ். எண்ணிக்கையாக இருந்தால் ‘ஆஃப்’: ஆஃப் தி த்ரீ, ஆஃப் ஆல்.

‘எல்லாரையும் விட உயரம்’ என்பதைக் குழந்தை ‘டாலர் தேன் ஆல்’ என்று சொல்லும். அந்த ‘ஆல்’ கூட்டத்தில் உயரமானவரும் அடக்கம் என்பதால் அவர் தன்னை விடவே உயரமாகிவிடுகிறார்! ‘டாலர் தேன் எவ்ரிஒன் எல்ஸ்’ என்றால் அவர் வெளியே வந்துவிடுவார். ‘ஒன் ஆஃப் தி’ போட்டால் பின்னால் பன்மை: ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடன்ட்ஸ். எஸ்-ஐ விட்டுவிடுவது பெரியவர்களிடமும் சகஜம்.

வேறு வீட்டுப் பிள்ளைகள்

குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். மெனி-யும் மச்-சும் மோர், மோஸ்ட் ஆகும். ஃபார், ஃபார்தர், ஃபார்தஸ்ட். குட்டும் பெட்டரும் ஒரே வேரில் பிறந்தவை அல்ல, வேறு வேறு சொற்கள் காலப்போக்கில் ஒரே குடும்பமாகிவிட்டன. காரணம் தேடாமல் பாட்டுப் போல மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே பகுதி இது. அண்ணன், அக்கா விஷயம் மட்டும் தனியாக: ‘மை எல்டர் பிரதர்’ சரி, ‘எல்டர் தேன் மீ’ தப்பு. ‘தேன்’ வந்தால் ‘ஓல்டர்’தான்.

பள்ளிப் பயிற்சியில் வரும் மாற்று வாக்கியங்கள்

ஒரே செய்தியை மூன்று டிகிரியிலும் எழுதச் சொல்லும் பயிற்சியை, மேலே உள்ளதெல்லாம் முடிந்த பிறகே தொடுங்கள். அதே மூன்று பென்சிலைப் பெட்டியில் போட்டு:

திஸ் இஸ் தி லாங்கஸ்ட் பென்சில் இன் தி பாக்ஸ்.
திஸ் பென்சில் இஸ் லாங்கர் தேன் எனி அதர் பென்சில் இன் தி பாக்ஸ்.
நோ அதர் பென்சில் இன் தி பாக்ஸ் இஸ் ஆஸ் லாங் ஆஸ் திஸ் ஒன்.

மதிப்பெண் போவது பெரும்பாலும் ‘அதர்’ விடுபடுவதில். ‘எனி அதர்’ வந்தால் பென்சில் ஒருமை. ‘ஆல் தி அதர்’ என்று எழுதினால் பன்மை. மூன்றாவது வாக்கியத்தில் இரண்டு ‘ஆஸ்’-க்கு நடுவில் வால் இல்லாத சொல்தான் நிற்கும். ‘ஆஸ் லாங்கர் ஆஸ்’ என்று எழுதியிருந்தால் அடியுங்கள்.

ஒப்பிடும்போது இனத்துக்கு இனம் சேர வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். ‘உன்னை விட என் பை கனம்’ என்று தமிழில் சொன்னால் உன் பையைத்தான் சொல்கிறோம் என்று புரிந்துகொள்வார்கள். ‘மை பேக் இஸ் ஹெவியர் தேன் யூ’ என்றால் பை உன்னையே விடக் கனம். ‘தேன் யுவர்ஸ்’ என்று முடிக்க வேண்டும். அந்தப் பையையும் பக்கத்தில் நிற்கும் ஆளையும் படமாக வரையச் சொல்லுங்கள். தப்பு எங்கே இருக்கிறது என்று குழந்தையே காட்டும்.

சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் ‘தேன்’ ஏற்காது, ‘டு’ போட வேண்டும். இந்த வயதில் இதைச் சொல்லாமல் விட்டாலும் நஷ்டமில்லை.

ஒரு வாரம் கழித்துச் சோதித்துப் பார்க்க, பழைய இரண்டு துண்டுப் பென்சிலையும் மேசையில் வைத்து நீங்களே தப்பாகக் கேளுங்கள்: ‘விச் இஸ் லாங்?’ குழந்தை ஒன்றைச் சட்டென்று தொட்டுக் காட்டினால் முதல் படிக்குத் திரும்புங்கள். ‘ரெண்டுமே லாங் இல்ல. ஆனா இது லாங்கர்’ என்றால் அடுத்த பாடத்தை எடுக்கலாம்.